எமது உணவகங்களும் சுற்றாடலும்

சுற்றாடலைப் பேணுதல் என்றதும் பெருந்தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளே எம்மிற் பலரது நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஈஸ்ற்ஹாம், ரூட்டிங், வெம்பிளி போன்ற இடங்களில் எம்மவர் நடத்தும் சிறிய உணவகங்களுக்கும் இதிற் பங்குண்டு. பிளாஸ்டிக் பை விடயத்திற் சட்டமே வழிகாட்டிவிட்டது. 2015 ஒக்ரோபரிற் பெரிய கடைகளுக்கு மட்டும் விதிக்கப்பட்ட 5 பென்ஸ் கட்டணம், 2021 மே மாதத்தில் 10 பென்ஸாக உயர்ந்து இங்கிலாந்தின் எல்லாக் கடைகளுக்கும் உரியதாயிற்று. ஆனால் பை வாடிக்கையாளரின் கண்ணிற் படுவது. கண்ணிற் படாத சமையலறைத் தொட்டியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

2017 செப்ரெம்பரில் வைற்சப்பல் வீதியின் கீழே, விக்ரோறியா மகாராணி காலத்துக் கழிவுநீர் வாய்க்கால் ஒன்றினுள் 250 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 130 தொன் எடையும் கொண்ட கொழுப்புப் பாறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சமையற் கொழுப்பும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகிய பாறை அது. அதை உடைத்தகற்றத் தொழிலாளர்கள் பல வாரங்கள் நிலத்தடியிற் பாடுபட்டனர். அதன் துண்டொன்று 2018 இல் இலண்டன் அருங்காட்சியகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் அதையும் சென்று பார்த்தனர்!

சுடுநீரும் சவர்க்காரமும் ஊற்றினால் எண்ணெய் கரைந்தோடிவிடும் என்பது எம்மிடையே பரவலான எண்ணம். அது தொட்டியிலிருந்துதான் ஓடுகிறது. குளிர்ந்த வாய்க்காலை அடைந்ததும் அதிலுள்ள கொழுப்பமிலங்கள் கல்சியத்துடன் சேர்ந்து, சவர்க்காரத்தை ஒத்த கடினப் பொருளாகச் சுவர்களிற் படிகின்றன. எமது சமையலிலோ தேங்காயெண்ணெயும் நெய்யும் தாராளம். தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழேயே உறைந்துவிடும். மார்கழி மாதத்து இலண்டனில் அதன் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமோ? வாய்க்கால் அடைபட்டாற் கழிவுநீர் திரும்பி வருவது அக்கடையின் நிலவறைக்கும் அயலவர் வீட்டுக்குமே. வாய்க்காலின் ஓட்டத்தைத் தடுக்கக்கூடியவற்றை அதனுள் விடுவது 1991 ஆம் ஆண்டின் நீர்த்தொழிற் சட்டப்படி குற்றமுமாகும்.

செய்யவேண்டியவை எளியவை. சட்டிகளையும் தட்டுகளையும் கழுவுமுன் கடதாசியால் வழித்தெடுத்துக் குப்பையில் இடவேண்டும். தொட்டியின் கீழே கொழுப்புத் தடுப்புப் பெட்டி பொருத்தித் தவறாது துப்புரவு செய்யவேண்டும். பொருத்திவிட்டுத் திறந்தே பாராத பெட்டியால் ஒரு பயனுமில்லை. பொரித்த எண்ணெயைப் பீப்பாயிற் சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்து, அதற்குரிய பத்திரத்தை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். ஆனால் இரவு பதினொரு மணிக்குச் சட்டி கழுவுபவர் முதலாளியல்லர். பெரும்பாலும் அண்மையில் இந்நாட்டுக்கு வந்த ஓர் இளைஞரே. அவருக்கு இதனை எவரும் சொல்லிக்கொடுக்காவிடின், களைப்பில் அவர் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுவதிற் குறை காண்பது நியாயமன்று. சொல்லிக்கொடுப்பது முதலாளியின் கடமை.

இவ்வாறு சேகரிக்கப்படும் எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டு வாகனங்களுக்கான உயிர்டீசலாகிறது. வைற்சப்பற் பாறையின் பெரும்பகுதியும் இறுதியில் அவ்வாறே எரிபொருளாயிற்று.