பெந்தோட்டைக்குப் போகுமுன் மாதத்தைப் பாருங்கள்

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் பிள்ளைகள் பெந்தோட்டைக்குப் போகக் கேட்பார்கள். அங்கே ஜெட் ஸ்கீ, பனானா படகு போன்ற விளையாட்டுகள் பெரும்பாலும் அமைதியான பெந்தர கங்கையில்தான் நடக்கின்றன. உயிர்காப்பு அங்கி அணிந்து தாராளமாக ஏறலாம். ஆனால் ஆற்றைப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள கடலையும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அக்கடல் கொந்தளிக்கும். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலக வேண்டும்.

கடற்குளிப்புக்கு டிசம்பர் விடுமுறையில் பெந்தோட்டை, ஓகஸ்டில் பாசிக்குடா. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். போன பிள்ளைகள் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும்.