வெண்புகை கண்டதும் எஞ்சினைப் பிரிக்கலாமா?

மாணவர்களாகிய நம்மில் பலர் ஓட்டுவது கைமாறி வந்த பழைய மகிழுந்துதான். தம்போயில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், கொதித்துப்போன எஞ்சினைக் கொண்டு நிறுத்தியதும், “ஹெட் கேஸ்கட் போயிருச்சு தம்பி” என்று கேட்டால், கல்விக் கடனில் மிச்சம் பிடித்த பணம் கண்முன் கரைந்துவிடும். அது உண்மைதானா என்று எப்படி அறிவது?

எஞ்சின் பிளாக்கிற்கும் அதன்மேல் அமரும் ஹெட்டிற்கும் இடையிலுள்ள மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, எண்ணெய், குளிரூட்டும் நீர் ஆகிய மூன்றும் கலவாமல் காப்பது அதன் வேலை. 1993-இல் வெளிவந்த புரோட்டோன் வீராவின் 1.3, 1.5 லிட்டர் எஞ்சின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே வெப்பத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எனவே எஞ்சின் அளவுமீறிக் கொதித்தால் ஹெட் வளையும். கேஸ்கட்டின் பிடி தளரும்.

நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் அறிந்தே மருத்துவம் செய்யச் சொல்கிறது 948-ஆம் குறள். எஞ்சினுக்கும் அதே முறைதான்.

முதலில் நோய். எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிந்திருந்தால் மட்டும் முடிவு கட்டாதீர்கள். விடுதிக்கும் விரிவுரை மண்டபத்திற்குமாகக் குறுந்தூரமே ஓடும் வண்டியில் ஈரம் தங்கியும் அப்படி ஆகும். அளவுகோலில் வரும் எண்ணெயும் பால்கலந்த காப்பி நிறத்தில் இருந்தால்தான் ஐயம் வலுக்கும். எஞ்சின் சூடேறிய பின்னும் இனிப்பு வாடையுடன் வெண்புகை வருவதும், வெளியே ஒழுகாமலே நீர் குறைவதும் மற்ற அறிகுறிகள்.

உறுதி செய்யச் சோதனைகள் உண்டு. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் அடங்கிய குழாயை வைப்பார்கள். பெட்ரோல் எஞ்சினில் கரியமில வாயு கசிந்தால் அது மஞ்சளாகும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், அவற்றின் நடுவே கேஸ்கட் உடைந்திருக்கலாம்.

அடுத்தது காரணம். ரேடியேட்டர் அடைப்பு, ஓடாத விசிறி, திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த நீர்ப்பம்பு இவற்றுள் எது கொதிக்க வைத்தது? அதைச் சரிசெய்யாவிட்டால் புதிய கேஸ்கட்டும் நிலைக்காது.

பிறகே மருத்துவம். ஹெட்டைக் கழற்றினால், அது வளைந்துள்ளதா, விரிசல் கண்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் இயந்திரத்தில் இழைத்துச் சமப்படுத்துவார்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, எஞ்சின் கையேடு சொல்லும் விசையில், படிப்படியாக முறுக்க வேண்டும். எண்ணெயையும் குளிரூட்டும் நீரையும் புதிதாக மாற்ற வேண்டும்.

சாலையில் வெப்பமுள் ஏறினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும்.

பட்டறைக்குப் போனால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “என்ன சோதனை செய்தீர்கள் அண்ணே? ஏன் கொதித்தது?” இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு ஸ்பேனரை எடுக்கச் சொல்லுங்கள்.