தினமும் துடைத்தார் அப்பா... கார் முழுக்கக் கோடு! - கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாலிஷ் பாடம்

காலை 6 மணிக்கு எங்கள் லாஸ்பேட்டை வீட்டு வாசலில் கேட்கும் முதல் சத்தம், அப்பா காரைத் துடைக்கும் சத்தம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கறுப்பு கார். ரிட்டயர்டு ஆனபோது வந்த பணத்தில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து, பானெட்டில் படிந்த தூசியை வட்ட வட்டமாகத் துடைப்பார். தண்ணீர் தொட மாட்டார். கேட்டால், “தூசி தட்ட எதுக்கும்மா தண்ணி?” என்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயிட் டவுனுக்குப் போனோம். ரோமன் ரோலண்ட் வீதியில் ஒரு மஞ்சள் சுவரை ஒட்டி காரை நிறுத்தினோம். பானெட்டில் அந்தச் சுவர் அழகாகத் தெரிந்தது. ஆனால், வெயில் பட்ட இடத்தில் மட்டும் சிலந்தி வலை பின்னியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். அப்பா உடனே துணியை எடுத்துத் துடைத்தார். வலை போகவில்லை. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார். அப்போதும் போகவில்லை.

எப்படிப் போகும்? வலையைப் பின்னியதே அந்தத் துணிதானே! இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

வட்டமாகத் தெரியும்... ஆனால் வட்டமே இல்லை!

இந்தக் கோடுகளுக்கு ‘ஸ்விர்ல் மார்க்’ என்று பெயர். உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டை பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். தட்டை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால், நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. காரிலும் இதே கதைதான்.

வெள்ளை கார்களிலும் இந்தக் கீறல் உண்டு. வெள்ளை நிறமே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அதில் கீறல் மறைந்துவிடும். கறுப்பு, அடர் நீலம், மெரூன் போன்ற நிறங்களில் பின்னணி இருட்டாக இருப்பதால் கீறல் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போதைய கார்களின் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத ‘கிளியர் கோட்’ என நான்கு அடுக்குகள் உண்டு. நான்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் தோராயமாக 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஸ்விர்ல் மார்க் விழுவது இந்த மெல்லிய அடுக்கில்தான்.

விழவைப்பது யார்? தூசியில் இருக்கும் மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறக்கூடியது. புதுச்சேரியில் கடற்காற்று மணலைக் கொண்டுவரும். ஆரோவில் பக்கம் போய் வந்தால் செம்மண் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் உலர்ந்த துணியை வைத்துத் தேய்த்தால், உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான்.

பாலிஷ் போட்டால் போய்விடுமா?

எங்கள் காருக்கு ஏற்கெனவே ஒருமுறை ஒரு கடையில் ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டிருந்தோம். அன்று கார் கண்ணாடிபோல மின்னியது. நான்கைந்து வாஷ் முடிந்ததும் பழைய கோடுகள் திரும்பிவிட்டன. போதாக்குறைக்கு, வெயிலில் அலை அலையாக நிழல்கள் வேறு. இதை ‘ஹாலோகிராம்’ என்கிறார்கள். வேகமாகச் சுற்றும் மெஷினை அவசரமாக ஓட்டினால் வருவது. பாலிஷில் இருந்த எண்ணெயும் ஃபில்லரும் கோடுகளைத் தற்காலிகமாக மூடி வைத்திருந்தன. வாஷில் அவை கரைந்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

உண்மையான பாலிஷ், கீறலை மூடுவது அல்ல. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை நுணுக்கமாகத் தேய்த்து, கீறலின் ஆழத்துக்குச் சமமாக்குவது. அதாவது, ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் கிளியர் கோட் போகிறது. போனால் திரும்ப வளராது.

அந்தக்கால அம்பாசிடர் காரில் கிளியர் கோட் கிடையாது. ரப்பிங் போட்டால் துணியில் காரின் நிறமே ஒட்டும். ‘ஐயோ, பெயின்ட் போகுதே’ என்று கை தானாக நிற்கும். இன்று தேய்ந்து போவது நிறமில்லாத அடுக்கு என்பதால், துணியில் எதுவும் தெரிவதில்லை. எதுவுமே போகவில்லை என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டு மெஷின்கள்

தோழியின் அண்ணன் கார் டீடெய்லிங் வேலை செய்கிறார். ஒரு ஞாயிறு காலை மெஷினோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாலிஷ் மெஷின்களில் முக்கியமாக இரண்டு வகை. ‘ரோட்டரி’ மிக்ஸிபோல ஒரே அச்சில் சுற்றும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரே இடத்தில் சூடேறி, பழகாத கை என்றால் பெயின்ட்டைப் பொசுக்கிவிடும். ‘டூயல் ஆக்‌ஷன்’, சுருக்கமாக டி.ஏ., பூமி தன்னைத்தானே சுற்றியபடி சூரியனையும் சுற்றுவதுபோல இரண்டு விதமாகச் சுற்றும். அதிகம் அழுத்தினால் பெரும்பாலான டி.ஏ. மெஷின்களில் பேட் சுழல்வது நின்றுவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு.

மெஷினை எடுப்பதற்கு முன் அண்ணன் எடுத்தது, பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கையடக்கக் கருவி. கூரையில் 118 மைக்ரான். கதவுகளில் 110-க்கு மேல். பின்பக்க ஒரு கதவில் மட்டும் 240. எங்களுக்கு முன்பு வைத்திருந்தவர் அதை ரீபெயின்ட் செய்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பானெட்டில் வைத்தார். 92. ஓரத்தில் 86. அப்பாவின் முகம் மாறிவிட்டது. அவர் அதிகம் துடைத்ததும், கடையில் அதிகம் தேய்த்ததும் அந்த பானெட்டைத்தான்.

செய்யும் முறை இதுதான்

* காரை நிழலில் நிறுத்துங்கள். தகடு சூடாக இருந்தால் பாலிஷ் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு அதிகாலைதான் சரியான நேரம்.

* ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரமான பரப்பில் ‘கிளே பார்’ கொண்டு மெதுவாகத் தேயுங்கள். கழுவினாலும் போகாத அழுக்கை அது இழுத்துவிடும். கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவர் மாட்டித் தடவினால் சொரசொரப்பு தெரியாதவரை தொடருங்கள்.

* ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களிலும், தகடு மடியும் விளிம்புகளிலும் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பெயின்ட் மெல்லிதாக இருக்கும்.

* முதலில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் சோதனை. மென்மையான ஃபோம் பேட், மிக நுண்ணிய பாலிஷ் என்று தொடங்குங்கள். அது போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த கட்டம்.

* பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு போதும். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு நடுத்தர வேகத்தில், விநாடிக்கு ஓர் அங்குலம் என மெதுவாக நகர்த்துங்கள். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை. பேடைச் சாய்க்கக் கூடாது.

* மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து எண்ணெயை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். உண்மையில் போனது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

* நகம் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான கீறலைத் தொடாதீர்கள். அதை முழுசாக எடுக்க நினைத்தால், கிளியர் கோட்டும் சேர்ந்து போய்விடும்.

* கடைசியாக வாக்ஸ் அல்லது சீலன்ட். அது கீறலைத் தடுக்கும் கவசம் அல்ல. அழுக்கு எளிதில் கழன்றுவர உதவும், அவ்வளவுதான்.

‘இதோட நிறுத்திக்கலாம்!’

மதியத்துக்குள் கதவுகளும் கூரையும் புதுசுபோல ஆகிவிட்டன. பானெட்டில் மென்மையான பேடால் ஒரு சுற்று முடிந்தது. முக்கால்வாசி வலை போயிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் இன்னும் சில கோடுகள். “அதையும் எடுத்துடலாமே தம்பி” என்றார் அப்பா. “எடுக்கலாம்ப்பா. ஆனா அடுத்த தடவைக்கு எதுவும் மிச்சம் இருக்காது. இதோட நிறுத்திக்கலாம்” என்றார் அண்ணன்.

அப்பா கொஞ்ச நேரம் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார்.

எடுத்த பளபளப்பு நிலைக்க வேண்டுமென்றால், கழுவும் முறை மாற வேண்டும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்குங்கள். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாக, நேர்கோட்டில் கழுவுங்கள். கடைசியில் ஈரத்தை ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு படியும். தெருவில் பத்து காரை ஒரே வாளியில் துடைப்பவரிடம் உங்கள் காரையும் ஒப்படைத்திருக்கிறீர்களா? அவருக்கு ஒரு தனித் துணியும் இரண்டு வாளியும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போதும் அப்பா 6 மணிக்கு வாசலுக்குப் போகிறார். தூசி படிந்த காரை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார். கை துறுதுறுக்கும்போல, பின்னால் கட்டிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு வாளி வெளியே வரும்.

உங்கள் காரையும் ஒருமுறை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். தினமும் எப்படித் துடைக்கிறீர்கள் என்று அதுவே சொல்லிவிடும்!