ஆறு இலக்கம் கேட்ட குரல்



சென்ற வருடம் ஒரு பகல் பொழுது. தையல் இயந்திரத்தின் முன் இருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. "அம்மா, அஸ்வெசும கொடுப்பனவு சம்பந்தமாகப் பேசுகிறோம். உங்களுக்கு நிலுவைப் பணம் வந்திருக்கிறது" என்றது ஒரு குரல். நல்ல தமிழ், பணிவான பேச்சு. என் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அவருக்குத் தெரிந்திருந்தன. வங்கி அட்டையின் இலக்கங்களைக் கேட்டார், வாசித்தேன். பின்புறத்து மூன்று இலக்கங்களையும் சொன்னேன். உடனே ஆறு இலக்கத்துடன் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதையும் சொன்னேன்.

போனது 18,000 ரூபா. மகளின் வகுப்புக்காகத் தைத்துச் சேர்த்த காசு.

2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து குறிஞ்சாக்கேணிக்கு வந்தபோது, பிள்ளைகளையும் ஒரு பொலித்தீன் பையையும் மட்டுமே கொண்டுவந்தேன். பையில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். செல் விழுந்த நேரத்திலும் கைவிடாததை, முகம் தெரியாத ஒருவருக்கு வாயாலேயே கொடுத்துவிட்டேன்.

வெட்கத்தால் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எங்கள் சேமிப்புக் குழுக் கூட்டத்தில் அழுகையோடு சொன்னேன். பக்கத்திலிருந்த ராத்தா, "எனக்கும் அந்த அழைப்பு வந்தது" என்றார். இன்னும் இருவர் வாய் திறந்தார்கள். ஒருவரின் மகளுடைய படத்தை மாற்றிச் செய்து, பணம் கேட்டு மிரட்டியிருந்தார்கள். எல்லோரும் தனித்தனியே மறைத்து வைத்திருந்தோம். கள்ளனுக்கு அதுதானே வசதி!

அந்த ஆறு இலக்கம் நமது கையொப்பம் போன்றது. அதைச் சொன்னால், பணம் எடுக்க நாமே சம்மதித்ததாகிவிடும். எந்த வங்கியும் அதைத் தொலைபேசியில் கேட்காது.

பெரிய வங்கிகளும் இதற்குத் தப்பவில்லை. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தில் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் சென்றது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர் தப்பியது. பெறுபவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. இடையிலிருந்த வங்கி நிறுத்தி விசாரித்தது. நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்: நிறுத்தி, விசாரித்து, பிறகு நம்புவோம்.

அழைப்பவர் அவசரப்படுத்தினால் துண்டியுங்கள். கிராம உத்தியோகத்தரிடமோ வங்கியிடமோ நேரில் கேளுங்கள். வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு இலக்கம் போடுங்கள். பணம் போனால் அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்துங்கள். படத்தைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இலும், பெண்களுக்கான உதவிச் சேவையை 1938 இலும் அழைக்கலாம். பொலிஸில் முறையிடலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது.

வெளிநாட்டில் கணினி வேலை என்று பிள்ளைகளை அழைத்தாலும் விசாரியுங்கள். அப்படிச் சென்று மியன்மாரில் மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கை இளைஞர்கள் 2024 இல் மீட்கப்பட்டார்கள்.

என் காசு திரும்பவில்லை. ஆனால் இப்போது எங்கள் குழுவில் சந்தேகமான அழைப்பு வந்தால், பதில் சொல்லுமுன் ஒருவரையொருவர் கேட்கிறோம். சென்ற மாதம் ஒரு தங்கையின் சேமிப்பு அப்படித்தான் தப்பியது.