பனிக்கடி: விரலைக் காக்க 72 மணி நேரம்

திருவனந்தபுரம்: திருவனந்தபுரம் தலைமைச் செயலக ஊழியரான மலையேற்ற வீரர் ஷேக் ஹசன் கான், 2025 ஜூனில் அலாஸ்காவின் டெனாலி சிகரத்தில் பனிப்புயலில் சிக்கினார். உடன் தமிழக வீராங்கனை ஒருவரும் இருந்தார். இருவரும் மீட்கப்பட்ட பிறகே கேரளம் நிம்மதி அடைந்தது.

இத்தகைய புயலில் முதலில் ஆபத்துக்குள்ளாவது விரல்களே. உள்ளுறுப்புகளைக் காக்க, விரல்களுக்குச் செல்லும் ரத்தத்தை உடல் குறைத்துக்கொள்கிறது. திசுக்கள் உறைகின்றன. உறைந்தது இளகும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. விரல் கறுக்கத் தொடங்குகிறது. இதுவே பனிக்கடி.

தேய்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் நம்மவர்க்குச் சட்டெனத் தோன்றும் வைத்தியம்; இரண்டுமே கேடு. 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் அமிழ்த்த வேண்டும். விரல் மீண்டும் உறையக்கூடிய இடமென்றால் அதையும் தள்ளிப்போடுவதே நல்லது.

அடுத்தது, ரத்தக் குழாய்களை விரிக்கும் இலோப்ராஸ்ட் மருந்து. பிரெஞ்சு மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இதைப் பெற்ற 16 பேரில் எவருக்கும் விரலிழக்கும் அபாயம் தென்படவில்லை; வேறு மருந்து பெற்ற 15 பேரில் 9 பேருக்கு இருந்தது. அமெரிக்கா 2024-ல் இதற்கு அனுமதி அளித்தது.

ஆனால், 72 மணி நேரத்துக்குள் மருந்து நரம்பில் ஏற வேண்டும். புயல் ஓயும்வரை ஹெலிகாப்டரோ பறக்காது.