பார்சலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு



சாயங்காலம் ஏழு மணிக்குக் குலசேகரம் சந்திப்பில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைவிட, வாசலில் பையோடு நிற்கிறவர்கள்தான் அதிகம். "அண்ணே, அஞ்சு பொரோட்டா, ஒரு கறி, பார்சல்!" என்ற குரல்தான் எங்கும் கேட்கும். ரப்பர் தோட்டத்திலிருந்து வருபவர், கட்டட வேலை முடிந்து வருபவர், பஸ்ஸுக்கு ஓடுகிற நம்மைப் போன்ற மாணவர் என்று எல்லோர் கையிலும் ஒரு பொட்டலம். சமைத்த சாப்பாட்டைக் கட்டி வாங்கிப் போவது இன்று ஒரு பெரிய வியாபாரமாக வளர்ந்துவிட்டது. அது எப்படி வளர்ந்தது, அதில் நாம் கவனிக்காமல் விட்டது என்ன என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

பொதிச்சோறு நமக்குப் புதிதல்ல

கட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிடுவது நம் முன்னோர் அறிந்ததுதான். பசியோடு நடந்து வந்த அப்பருக்குத் திருப்பைஞ்ஞீலியில் சிவபெருமானே பொதிசோறு கொடுத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. நம் பக்கத்தில் வாழையிலையைத் தீயில் வாட்டி, அதில் சோறும் தொவையலும் வறுத்த மீனும் வைத்துக் கட்டுவார்கள். தூரப் பயணம் என்றால் புளிச்சோறு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இலையை வாட்டினால் கிழியாமல் மடங்கும். மேலே இருக்கும் கிருமியும் குறையும். உள்ளே வைப்பதும் ஈரம் குறைந்ததாக, அல்லது புளிப்பும் எண்ணெயும் உள்ளதாக இருக்கும். காலையில் கட்டினதை மத்தியானம் அவிழ்த்துவிடுவார்கள். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கட்டினவளுக்கும் தெரியும், தின்பவனுக்கும் தெரியும். ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே வீடு!

பார்சல் வளர்ந்த கதை

முதல் காரணம் நேரம். ஆணும் பெண்ணும் வேலைக்குப் போகிற வீட்டில் அடுப்படியில் நிற்க ஆளில்லை. பார்சல் வாங்குகிறவர் காசு கொடுத்து வாங்குவது சோற்றை மட்டுமல்ல, ஒரு மணி நேர ஓய்வையும்தான்.

இரண்டாவது காரணம் உறை. இலையும் செய்தித்தாளும் போய்ப் பிளாஸ்டிக் தாள் வந்தது. அதன் பிறகு குழம்பையும் சாம்பாரையும் சிந்தாமல் கொண்டுபோக முடிந்தது. ஆனால் செய்தித்தாளின் மை உணவில் ஒட்டுவது உடலுக்குக் கேடு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரில் எச்சரித்தது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றைத் தடை செய்தது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் உண்டு. அலுமினியத் தாள் பைகளும் அட்டைப் பெட்டிகளும் கடைகளில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறைக்கும் விலை உண்டு. அண்டை மாநிலமான கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்திய ஜனகீய ஓட்டல்களில் 2020-இல் சாப்பாடு 20 ரூபாய், அதுவே பார்சல் என்றால் 25 ரூபாய்.

மூன்றாவது காரணம் செல்போன். 2008-இல் ஓட்டல்களின் மெனுவைப் பட்டியல் போடும் தளமாகத் தொடங்கியது பிறகு சொமேட்டோ ஆனது. 2014-இல் பெங்களூரில் ஸ்விக்கி தொடங்கியது. நகரங்களில் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே வண்டியில் ஓடுகிற புதிய தொழிலாளி ஒருவர் உருவானார். நான்காவதாக வந்தது கொரோனா. 2020 ஊரடங்கில் உட்கார்ந்து சாப்பிடத் தடை, பார்சலுக்கு மட்டும் அனுமதி. பார்சல் வாங்கிப் பழகாத வீடுகளும் அப்போது பழகிவிட்டன.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. ரப்பர் மரத்தில் விடியுமுன் குளிர்ச்சியில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே அம்மா மூன்று மணிக்கே எழும்பி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெட்டி முடித்து, பால் எடுக்குமுன் பத்து மணி வாக்கில்தான் காலைச் சாப்பாடு.

போன வருஷம் ஒருநாள் இரவு ஏழு மணிக்கு வாங்கின பிரைடு ரைஸ் பாதி மிஞ்சியது. அதை அப்படியே பையோடு மூடி வைத்து, மறுநாள் அம்மா தோட்டத்துக்கு எடுத்துப்போனார். மத்தியானத்துக்குள் வாந்தியும் தலைசுற்றலும். தோட்டத்தில் கூட வேலை செய்யும் அக்காமார் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் வேலையும் போயிற்று, கூலியும் போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாடு எத்தனை மணிக்கு வாங்கினது?" என்பதுதான். கடையின் மேல் குற்றம் சொல்ல முடியாது. இரவில் அதே பொட்டலத்தில் நாங்களும்தானே தின்றோம்!

அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ன மக்களே, நீ படிக்கியே, இது ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லு பாப்போம். பழஞ்சோறு தின்னே வளந்தவ நான். அப்பம் வராத நோவு இப்பம் மட்டும் எப்படி வந்துது?"

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு தாண்டின முதல் ஆள் நான். எனக்கும் பதில் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டும், நூலகத்தில் தேடியும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

சோற்றுக்குள் ஓடும் கடிகாரம்

அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். சோறு கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகள் பெருகும் வட்டாரம். சூட்டோடு கட்டி மூடிய பொட்டலம் மெல்ல ஆறும்போது இந்த வட்டாரத்தில்தான் மணிக்கணக்கில் கிடக்கிறது. உள்ளே ஈரமும் உண்டு.

நாம் கணக்குப் படிக்கிறவர்கள் அல்லவா? நல்ல வசதி கிடைத்தால் சில கிருமிகள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அப்படியானால் ஒன்று 2 மணி நேரத்தில் 64. நாலு மணி நேரத்தில் 4,096. ஐந்து மணி நேரத்தில் 32,768! எங்கள் பொட்டலம் கிடந்ததோ 15 மணி நேரம். "மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும்" என்று பலர் நினைக்கிறோம். இந்தக் கிருமி சோற்றில் விட்டுவைக்கும், வாந்தி உண்டாக்கும் நஞ்சு அடுப்புச் சூட்டுக்கு அழிவதில்லை.

சரி, பழஞ்சோறு ஏன் வேறு? சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியா வளர்ந்து புளிப்பு ஏறுகிறது. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகள் பலவற்றை அடக்கி வைக்கிறது. நல்ல தண்ணீரும் சுத்தமான பானையும் வேண்டும் என்பது வேறு விஷயம். மூடிக் கட்டின பிரைடு ரைசில் இந்தக் காவல் கிடையாது. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பார்கள்; ஆறின பார்சல் பழங்கஞ்சி ஆகாது!

கடையில் மாதக்கணக்கில் இருக்கும் ரெடிமேட் உணவுப் பாக்கெட் மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று கேட்பீர்கள். மைசூரில் 1961-இல் நிறுவப்பட்ட பாதுகாப்புத்துறை உணவு ஆராய்ச்சிக்கூடம் ராணுவ வீரர்களுக்காக இந்த முறையில் பல உணவுகளை உருவாக்கியது. உணவைப் பல அடுக்குப் பையில் அடைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, அதன் பிறகு பிரஷர் கலத்தில் சுமார் 121 டிகிரியில் வேகவைப்பார்கள். அந்தச் சூட்டில் வித்துகளும் சாகும்; வெளியிலிருந்து புதிதாகக் கிருமி நுழையவும் முடியாது. அங்கே கட்டின பிறகு வேகவைக்கிறார்கள். ஓட்டலில் வேகவைத்த பிறகு கட்டுகிறார்கள். இந்த வரிசை மாற்றமும் அந்தக் கூடுதல் சூடும்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

நாம் செய்யக்கூடியது

பார்சல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியுமுன் வேலைக்குப் போகிறவரிடம் "வீட்டுச் சமையலே நல்லது" என்று உபதேசம் செய்வது எளிது. அடுப்பு மூட்டுவது யார்? பார்சல் நமக்குத் தேவை. ஆனால் அதற்கும் ஒரு கடிகாரம் உண்டு. வீட்டுப் பொதிச்சோற்றில் கட்டியவளே அந்த மணியை அறிந்திருந்தாள். கடைப் பொட்டலத்தில் கட்டுகிறவர் ஒருவர், தின்கிறவர் ஒருவர். நடுவில் அந்த மணி தொலைந்துவிட்டது.

அதைத் திரும்ப எழுதிவைக்க முடியும். கேரள அரசு 2023 ஜனவரியில், பார்சல் உணவில் தயாரித்த தேதியும் நேரமும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், ஒரு பேனா போதும். நம் கல்லூரி கேன்டீனில் இதைத் தொடங்கும்படி மாணவர் சங்கம் கேட்கலாமே! நாமும் வாங்கின இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுவோம். மிஞ்சியதை உடனே பிரிட்ஜில் வைப்போம். பிரிட்ஜ் இல்லையென்றால் வைக்கவே வேண்டாம்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பம் பழைய கிழவிமாருக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்றார். இப்போது தோட்டத்துக்குத் தூக்குவாளியில் பழஞ்சோறும் உள்ளியும்தான் போகிறது. எப்போதாவது பார்சல் வாங்கப் போனால், விலை கேட்குமுன் அம்மா கேட்பது: "எத்தனை மணிக்குக் கட்டினது, தம்பி?"

நண்பர்களே, நாமும் கேட்போம்!