செஞ்சி மலையில் அரங்கன்: மூத்தோர் அறிந்து ஏற வேண்டிய பாறை வழி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் சுமார் 28 கி.மீ. பயணித்தால், பெரும்பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற குன்றுகள் தென்படும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய அம்மூன்றையும் மதிலால் வளைத்து எழுந்ததே செஞ்சிக்கோட்டை. விழுப்புரத்திலிருந்தும் பேருந்தில் எளிதாக வந்தடையலாம். 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இக்கோட்டை இடம்பெற்றது.

சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரி, அடியார்களுக்குக் கோட்டை மட்டுமன்று. ஏறும் வழியில் கமலக்கண்ணி அம்மனும், உச்சியில் அரங்கநாதரும் கோயில் கொண்டுள்ள மலை அது. உச்சிக்குச் சற்று முன்னே சுமார் 60 அடி ஆழமுள்ள பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. பாலம் ஒன்றே அதனைக் கடக்கும் வழி. பகைவரைத் தடுக்க உதவிய அந்த அமைப்பு, மூப்படைந்த கால்களையும் சோதிக்கவே செய்யும்.

இம்மலையில் முதல் பகை வெயில். பாறை விரைவில் சூடேறி, அச்சூட்டை நெடுநேரம் தன்னுள் வைத்திருக்கும். ஆகவே காலையில் அனுமதி தொடங்கியதும் ஏறி, வெயில் கடுமையாகும் முன் இறங்கிவிட வேண்டும். பங்குனி முதல் ஆனி வரையிலான மாதங்களைத் தவிர்ப்பது நலம். மழை பெய்த நாளில் படிகள் வழுக்கும். இடி முழங்கினால் உச்சியில் நிற்கலாகாது.

விரதமிருந்து ஏறுவதைப் பலரும் புண்ணியமாகக் கருதுகின்றனர். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் வெறும் வயிற்றுடன் ஏறினால் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் வரக்கூடும். எளிய உணவு, போதிய குடிநீர், சிறிது வெல்லம், வழக்கமான மாத்திரைகள் ஆகியவை உடனிருக்க வேண்டும். இதய நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே புறப்பட வேண்டும். ஊன்றுகோலும், காலை இறுகப் பற்றும் காலணியும் தேவை. சந்நிதி வாயிலில் அவற்றைக் கழற்றிக்கொள்ளலாம். குரங்குகள் பறிக்காதபடி உணவை மூடிய பையில் வைப்பது நன்று. தனியே ஏறுதல் கூடாது.

ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குப் பெரும் சுமை. ஆதலால் உடல் வலிமையில் பாதியை இறக்கத்திற்கென மிச்சம் வைக்க வேண்டும். நெஞ்சு இறுகினாலோ, இடக்கையிலோ தாடையிலோ வலி பரவினாலோ, தலை சுற்றிப் பேச்சு குழறினாலோ, அவ்விடத்திலேயே நிழலில் அமர வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். வெயில் தாக்கியவரின் உடலை ஈரத்துணியால் குளிர்விக்கலாம். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் நீர் ஊற்றலாகாது.

பாதி வழியில் திரும்புவது தெய்வக் குற்றம் ஆகுமோ என்னும் ஐயம் பலருக்கு எழும். செஞ்சிக்கு அருகேயுள்ள சிங்கவரம் இதற்கு விடை கூறுகிறது. பல்லவர் காலக் குடைவரையான அக்கோயிலில் அரங்கநாதர் பாறையிலேயே பள்ளிகொண்ட கோலத்தில் திகழ்கிறார். ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்க்கப் புறப்பட்ட தேசிங்குராஜன் அவரிடம் விடைபெற வந்தபோது, 'போகாதே' என உணர்த்துவதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது செவிவழி வரலாறு. மன்னன் நில்லாது சென்றான். 1714-இல் போர்க்களத்தில் உயிர் துறந்தான். உடல் தரும் எச்சரிக்கையும் அவ்வாறு திரும்பிய திருமுகமே எனக் கொள்வது தகும்.

உச்சியை எட்ட இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. ராஜகிரியின் அடிவாரத்தில், கோட்டைக்குள் சமதளத்திலேயே வேங்கடரமணர் ஆலயம் ஓங்கி நிற்கிறது. அதன் கோபுரத்தையும் சிற்பங்களையும் ஆற அமரக் கண்டு வரலாம். உச்சி அரங்கனை அடிவாரத்தில் நின்றே கைகூப்பி வணங்கலாம். இளையோர் ஏறிச்சென்று வரும்வரை நிழலில் அமர்ந்து திருநாமம் சொல்லிக்கொண்டிருப்பதும் வழிபாடே.